மூடிய தொழிற்சாலையில் ஒரு வாராந்தச் சிரிப்பு நாடகம்

1986 பெப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பது. நமுனுகுல மலை உச்சியில் மட்டும் மேகம். மற்றபடி நல்ல வெயில், காற்றில்லை. தெமோதரைக்கு மேலே, எங்கள் தோட்டத்தின் மூடிய தேயிலைத் தொழிற்சாலைக்குள் நின்று, என் நாடகம் பார்க்க வந்த ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நாற்காலிகள் அறுபதுதான். மற்றவர்கள் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். முதல் வரிசையின் நடுவில், இதே தொழிற்சாலையில் தேயிலைப் பதம் பார்த்து ஓய்வுபெற்ற டீமேக்கர் கை கட்டி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

அவருடைய மகனுக்கு என் மகளைப் பேசி முடித்திருந்தோம். பிள்ளைகள் இருவருக்கும் பிடித்திருந்தது. மாசி மாதத்துக்குள் தட்டு மாற்ற வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை அவர் என் அலுவலகப் படியிலேயே நின்று சொல்லிவிட்டார்:

"ஒங்க நாடகத்துல என்னையக் கோமாளியாக்கினீங்கன்னா தட்டும் இல்ல, பாக்கும் இல்ல. சொல்லிப்புட்டேன்."

நான் அப்போது தோட்டத்தின் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர். நாடகம் எழுதும் ஆசையை எனக்கு மூட்டியவர் பதுளைக் கடைவீதியில் வானொலிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர்; நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் கடைத் தொலைக்காட்சியில் ஒரு சிரிப்புத் தொடர் ஓடியது. ஆலைகள் மூடப்பட்ட ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தில், ஆலை ஓடிய காலத்து ஆட்களின் கதை. ஒரே வீடு, ஒரே வாசல், அதே ஏழு பேர். வாரத்துக்கு ஒரு வம்பு.

"ஒங்க பெக்டரியும் மூடித்தானே கெடக்கு கிளாக்கரய்யா? நீங்களும் இப்படி ஒண்ணு எழுதுங்களே. ஸ்பீக்கர் நான் தாறேன்," என்றார் நானா. "வாடகைக்குத்தான்," என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

எங்கள் தொழிற்சாலை மூடி ஏழு வருடம் ஆகியிருந்தது. கொழுந்து லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது. இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய தராசும், நிறுவை நேரத்துக்குக் கையால் சுற்றி ஊதும் சங்கும் மட்டும் மிஞ்சின. கதையை 1967இல் வைத்தேன். பழைய காலம் என்று எப்படிக் காட்டுவது என்பதே என் பெரிய கவலை. பழைய நாட்காட்டி, எனாமல் கோப்பை, கட்டம் போட்ட சாரம் என்று பதினெட்டுச் சாமான்கள் சேர்த்தேன். கொழுந்தெடுக்கும் பெண்களில் மூத்தவள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதெல்லாம் எதுக்குங்கய்யா? பெக்டரி ஓடுதுன்னு காட்டுங்க. அதுக்கு மேல பழைய காலம் ஏது?"

டீமேக்கரை எடுத்துவிட்டும் எழுதிப் பார்த்தேன். ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் இலையை முகர்ந்து பார்க்கும் விதமும், முதுகுக்குப் பின்னால் கை கட்டி நடப்பதும், ஈர இலை என்று எடையில் கழிப்பதும் இல்லாமல் அந்தத் தொழிற்சாலை ஏது? கடைசியில் அவர் வேடத்துக்கு ஒரு பொய் மீசை ஒட்டி 'மேற்பார்வையாளர்' என்று பெயர் மாற்றினேன். அந்த மீசை ஒருவரையும் ஏமாற்றாது என்று எனக்கே தெரியும்.

நாடகம் தொடங்கியது. லொறிச் சாரதி ஒருவன் மீசையோடு வந்து, கையைப் பின்னால் கட்டி நடந்தான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. முதல் வரிசையில் அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் மனைவி பின்னாலிருந்து, "ஏங்க, அவரு மூஞ்சியப் பாருங்க. எந்திரிச்சுப் போகப்போறாரு," என்றாள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்தது அந்தி நிறுவைக் காட்சி. திரைக்குப் பின்னால் சங்கைச் சுற்றினார்கள். ஏழு வருடமாகக் கேட்காத சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

சாக்கில் உட்கார்ந்திருந்த பெண்கள் சட்டென்று எழுந்தார்கள். ஒருத்தி எழ, அடுத்தவள் எழ, முப்பது நாற்பது பேர் தராசை நோக்கி வரிசையாக நின்றுவிட்டார்கள். சிலர் கூடைக் கயிற்றைத் தேடித் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள். மேடையிலிருந்த சாரதிக்கு வசனம் மறந்துபோனது.

"வரிசை கோணுது! கோணுது!" என்று ஒரு குரல். டீமேக்கர்தான். நாற்காலியை விட்டு எழுந்து, கையைப் பின்னால் கட்டி, தராசுக்கு நடந்து போய்விட்டிருந்தார். "ஈர எலையக் கொண்டாந்து என் தலையில கட்டாதீங்கடி! ரெண்டு றாத்தல் கழிப்பேன்!"

மூத்தவள் இடுப்பில் கை வைத்தாள். "கழிப்பீங்க, கழிப்பீங்க! வெயில்ல காஞ்ச எலைக்கும் ரெண்டு றாத்தல் கழிச்ச ஆளுதானே!"

"அன்னைக்குப் பனி!"

"ஒங்க கண்ணுல பனி!"

அப்போதுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. தராசில் இலை இல்லை. எதிரே இருநூறு பேர். அவர் சுற்றிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, இல்லாத கூடையிலிருந்து இல்லாத கொழுந்தை அள்ளி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி நெடுநேரம் முகர்ந்தார்.

"ரெண்டு இல்ல. மூணு றாத்தல்."

கூரை பறந்துவிடும் போல் சிரித்தார்கள். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு நான் எழுதிய ஒரு வரியையும் யாரும் பேசவில்லை. பெண்கள் ஒவ்வொருவராய் வந்து பழைய கழிவுகளுக்கு அவரிடம் கணக்குக் கேட்டார்கள். அவர் ஒவ்வொருத்திக்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சம்பந்தி, அந்தப் பயலுக்கு என்னைய மாதிரி நடக்கவே தெரியல. மீசை வேற! அடுத்த ஞாயிறு நானே வர்றேன்."

"அடுத்த ஞாயிறா? நான் ஒரு நாளைக்குத்தானே..."

"அந்த டீவிக்காரனுங்க வாரா வாரம் போடுறானுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? மாசி முடியிற வரைக்கும் போடுவோம். கடைசி ஞாயிறு இதே எடத்துல தட்டு மாத்திக்குவோம். சம்மதமா?"

பக்கத்தில் நின்ற நானா, "ஸ்பீக்கர் ஈக்கிது ஐயா, பயப்படாதீங்க," என்றார்.

நான்கு ஞாயிறு நடத்தினோம். கடைசி ஞாயிறன்று நாடகத்துக்கு நடுவே, சங்கு ஊதி, தராசுக்குப் பக்கத்தில் தட்டு மாற்றினோம். தட்டு மாற்றிய செலவை நான் தனியாக எழுதினேன். ஒலிபெருக்கி, நாற்காலி, நான்கு வாரமும் வந்தவர்களுக்குத் தேநீர், பணிஸ் ரொட்டி எல்லாம் சேர்த்து நாடகத்துக்கு மட்டும் எனக்கு ஆனது ஆயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டு ரூபாய் ஐம்பது சதம்.