அப்பா இழுத்த ஹேண்ட் பிரேக்

மாமாவின் கார் எங்கள் வீட்டு முற்றத்தில் பதினொரு மாதம் நின்றது. அந்தப் பதினொரு மாதமும் அதன் ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே இருந்தது. இழுத்தவர் அப்பா.

அம்மாவின் தம்பியான மாமாவுக்கு வளைகுடாவில் வேலை. ஆண்டுக்கு ஒரு மாதம் விடுமுறையில் வருவார். அந்த ஒரு மாதத்துக்காக வாங்கிய கார், மற்ற நாட்களில் பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்பாவின் பொறுப்பில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா உறையை நீக்கி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, பிரேக் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு முறை மேலே இழுத்துப் பார்த்து, மறுபடி உறையைப் போடுவார். அவரிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. இருந்தும் ஒரு நாள்கூட முற்றத்தைத் தாண்டிக் காரை எடுத்ததில்லை.

அம்மாவுக்கு முதுகெலும்பில் கோளாறு. வாரத்தில் இரண்டு நாள், பயிற்சிச் சிகிச்சைக்காக இரண்டு பஸ் மாறி நாகர்கோவிலுக்குப் போய்வந்தார். கார் முற்றத்தில் நிற்க, அம்மா இடுப்பில் கையூன்றிப் பஸ்ஸுக்கு நிற்பதை ஊரே பார்த்தது. மைத்துனரின் பொருளைக் கேளாமல் எடுப்பது முறையல்ல, போனில் கேட்பதும் அழகல்ல, வரும்போது நேரில் கேட்கலாம் என்பது அப்பாவின் நிலைப்பாடு. எனக்கு அப்போது ஏழு வயது.

ஐப்பசி மழையோடு மாமா வந்தார். மறுநாள் காலையில் காரை எடுத்தபோது எஞ்சின் உறுமியது, பின்சக்கரங்கள் அசையவில்லை. கோட்டாற்றிலிருந்து மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றி, உள்ளே சுத்தியலால் தட்டத் தட்டச் செந்தூளாகத் துரு உதிர்ந்தது.

“ஒரு வருசமா இழுத்தே வச்சா துரு கவ்வாம என்ன செய்யும்? தெனமும் இழுக்கணும், தெனமும் விடணும். ரெண்டும் நடக்கணும் பாத்துக்கிடுங்க,” என்றார் அவர்.

மாமா அப்பாவைப் பார்த்தார். “அத்தான், காரப் பாத்துக்கிடுங்கன்னுதான சொன்னேன்? கட்டிப்போடவா சொன்னேன்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பாவும் சிரிக்க முயன்றார். இனி அந்தக் காரில் ஹேண்ட் பிரேக்கை யாரும் தொடக்கூடாது, கியரில் போட்டுச் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தால் போதும் என்று மாமா உத்தரவிட்டார். இழுத்ததால் கெட்டது என்பது அவருடைய தீர்ப்பு. விடாமல் வைத்திருந்ததால் கெட்டது என்று மெக்கானிக் சொன்னதற்கு அந்தத் தீர்ப்பில் இடம் கிடைக்கவில்லை. அந்த ஹேண்ட் பிரேக் கம்பிதான் அப்பாவைத் தலைகுனிய வைத்தது என்று நான் புரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் குழித்துறைக்கு அப்பால் மாமாவுக்குப் பெண் பார்க்கப் போனோம். வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது, அப்பா ஒருவழியாகக் கேட்டுவிட்டார். அம்மாவின் சிகிச்சைக்குப் போகும் நாட்களில் மட்டும் காரை எடுத்துக்கொள்ளலாமா?

“அக்காவுக்குல்லா அத்தான்! இத இம்புட்டு நாளா வாய்க்குள்ள வச்சிட்டு இருந்தேளா?” என்றார் மாமா. பிறகு விரலை உயர்த்தினார். “ஆனா ஒண்ணு. இனியும் காருக்கு உங்களால ஒரு பழுது வந்தா, சாவி எங்க பெரியப்பா மவன்கிட்டப் போவும்.”

பின் இருக்கையில் அம்மா என் தலையைத் தன் மடியோடு அணைத்துக்கொண்டார்.

பெண் வீடு ரப்பர் மரங்களுக்கு நடுவே மேட்டில் இருந்தது. மாமா ஏற்றத்திலேயே காரை நிறுத்தி, கியரில் போட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தார். பெரியவர்கள் பேச ஆரம்பித்ததும் நான் நழுவி வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டேன். மாமா செய்வதைப் போலவே கியர்க் கம்பியை முன்னும் பின்னும் ஆட்டினேன். அது எங்கோ நடுவில் வந்து தளர்ந்து நின்றது. கல் தாங்கியிருந்ததால் கார் அசையவில்லை. கொஞ்ச நேரம் ஹாரனை அழுத்துவதாகப் பாவனை செய்தேன், இருக்கையில் குதித்தேன். அப்போதுதான் கல் நழுவி, மரங்கள் மெல்ல முன்னோக்கி நடக்க ஆரம்பித்தன.

என்னைத் தேடி வந்த அப்பா ஓடிவந்தார். “அந்த ஹேண்ட் பிரேக்க மேல இழு மக்கா! இழு!”

எனக்குக் கேட்டது. கையையும் அதன்மேல் வைத்தேன். ஆனால் அது தொடக்கூடாதது; தொட்டால் அப்பாவைத்தான் ஏசுவார்கள். கையை எடுத்துக்கொண்டேன்.

கார் பத்தடி இறங்கி, ஒரு மண்மதிலில் சாய்ந்து நின்றது. ஒரு பின்விளக்கு உடைந்தது; அவ்வளவுதான். அப்பா கதவைத் திறந்து முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பிறகு கியர்க் கம்பியைப் பார்த்தார். பிறகு என்னைத் தூக்கினார்.

“இப்ப இழுத்து என்னத்துக்கு அத்தான்?” என்று கேட்டபடி மாமா வந்தார். “கியர்லல்லா விட்டுட்டுப் போனேன்? யாரு தொட்டது?”

“நான்தான் மாப்ள. தண்ணி பாட்டில் எடுக்க வந்தேன். கை பட்டிருக்கும்.”

அம்மா இடுப்பைப் பிடித்தபடி மேட்டிலிருந்து இறங்கி வந்து, “ஒண்ணும் பற்றலியே மக்கா?” என்று என்னைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்பாவை வெகுநேரம் பார்த்தார்.

நானோ அப்பா சொன்னதை அப்படியே நம்பினேன். நான் ஆட்டியபோது நகராத கார், பிறகு நகர்ந்ததற்கு என் கை காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவும் கியர்க் கம்பியைத் தொட்டிருக்கிறார், பெரியவர் கை பட்டதால் ஓடிவிட்டது என்பதே என் கணக்கு.

விடுமுறை முடிந்து மாமா கிளம்பிய அன்று, அவருடைய பெரியப்பா மகன் வந்து காரை எடுத்துப்போனார். முற்றம் திடீரென்று பெரிதாகிவிட்டது. நான் செங்கல் துண்டால் பாண்டிக் கட்டம் வரைந்தேன். அம்மா சிகிச்சைக்குப் புறப்பட்டு வந்தார். அவருடைய பையை வாங்கிக்கொண்டு அப்பாவும் பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினார். நான் அவரை வழிமறித்துக் கண்டிப்பாகச் சொன்னேன்:

“அப்பா, இனி யாரு காரிலயும் எதையும் தொடப்பிடாது, கேட்டேளா?”

“இல்ல மக்கா, தொட மாட்டேன்.”

அவரை மன்னித்துவிட்ட நிறைவோடு நான் முதல் கட்டத்தில் சில்லை எறிந்தேன்.