பூண்டு வெளியே போனது, அப்பா உள்ளே இருந்தார்

எங்கள் மலைக் கிராமமான கவுஞ்சியில் யார் இருமினாலும் பனியைத்தான் திட்டுவோம். என் அப்பாவும் பனியைத் திட்டிக்கொண்டே பல வாரம் இருமினார். உடம்பு இளைத்து, சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்த பிறகுதான் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். சளியைச் சோதித்துவிட்டுக் காசநோய் என்றார்கள். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகும் என்றும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்தார். என் அண்ணன் மனைவியான மதினிக்குக் கைக்குழந்தைப் பருவம் தாண்டிய ஒரு மகன்.

"நான் வெள்ளனே பஸ் ஏறி எங்கம்மா வீட்டுக்குப் போறேன் அத்தை. பிள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா என்ன செய்ய?" என்றார் மதினி.

அது அப்பா காதில் விழுந்தது. "அவ எதுக்குப் போகணும்? நான் தோட்டத்துக் கொட்டகையில கெடக்கேன்."

தட்டி அடைத்த கொட்டகை அது. அந்தக் குளிரில் தனியாகக் கிடந்தால் அவர் சாப்பிடவும் மாட்டார், மாத்திரையும் போடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நான் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

"தட்டு வழியா இது பரவாதும்மா. இருமுறப்போ காத்துல கலக்குது. அடைச்ச வீட்டுல அந்தக் காத்தைத்தான் எல்லாரும் இழுக்கோம்" என்றேன்.

எங்கள் வீடு உண்மையிலேயே அடைத்த வீடு. அடுப்புக்கு மேலே பரணில் விதைப்பூண்டு கட்டுக்கட்டாகத் தொங்கும். புகை பட்டால்தான் அடுத்த நடவு வரை கெடாது. புகை வெளியே போகக்கூடாதென்று இருந்த ஒரே ஜன்னலையும் சாக்கு வைத்து அடைத்திருந்தோம். எல்லோரும் படுப்பதும் அதே அறையில்தான். தட்டைப் பிரித்துவிட்டு மூச்சுக்காற்றைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம்.

"ஜன்னலைத் தொறந்தா பூண்டு என்னடி ஆகும்? விதை கெட்டுப்போனா உன் புஸ்தகத்தையா நடுறது?" என்றார் அம்மா.

"பூண்டைக் கொட்டகைக்குக் கொண்டுபோயி அங்க புகை போடுவோம். அப்பா வீட்டுல இருக்கட்டும்."

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமாவுக்குப் பாத்த கொட்டகையில பூண்டு குடியேறுதாக்கும்!"

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் பரணில் ஏறி முதல் கட்டை அவிழ்த்தவர் அவர்தான். அப்பா ஆஸ்பத்திரியில் கொடுத்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சாக்கைப் பிடுங்கினார். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. "எல்லாரையும் வெறைக்க வச்சே கொல்லப் போறா" என்று முனகிக்கொண்டே அம்மா வீட்டில் இருந்த கம்பளிகளை எல்லாம் எடுத்துப் போட்டார். அப்பாவின் படுக்கை ஜன்னலோரம் போனது. குழந்தையைச் சோதித்ததில் நோய் இல்லை. ஆனாலும் வராமல் தடுக்க அவனுக்கும் மருந்து கொடுத்தார்கள். "கொஞ்ச நாள் பாக்கேன்" என்று மதினி பயணத்தைத் தள்ளிப்போட்டார். தட்டை மட்டும் அம்மா சில வாரம் தனியாகத்தான் கழுவினார். அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை.

அடுத்த சளிச் சோதனையில் கிருமி இல்லை. மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஆனால் இனி அவரிடமிருந்து யாருக்கும் பரவாது என்றார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். மதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் போனார்.

"இவனைக் கொஞ்சம் பிடிங்க மாமா, எனக்குச் சோலி கெடக்கு."