சேஷாத்ரி சார் கேட்ட கடைசிக் கேள்வி

சேஷாத்ரி சார் போய்விட்டார். வியாழக்கிழமை காலை, டாக்குரியாவில் அவர் வீட்டில். காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நான் அசன்சோல் பிராஞ்ச் ஆடிட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஆபீசில் எல்லோருக்கும் அக்காவான ரீனா-தி ஃபோன் செய்தபோது எல்லாம் முடிந்திருந்தது... முகம்கூடப் பார்க்கவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்கு: பாலிகஞ்சில் எங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீசில் பதினோரு வருடம் எனக்குப் பக்கத்து டேபிள். ரிட்டயர் ஆகி மூன்று வருடம் ஆகிறது. பெங்காலிகளுக்கெல்லாம் அவர் 'சினிமா-தா', அதாவது சினிமா அண்ணன்.

வெள்ளிக்கிழமை நாலு மணி டீ வந்ததும், கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் ஆளுக்கொரு படம் எழுதிக் கொடுப்பார். பெயர், மொழி, வருடம். கீழே ஒரு உத்தரவு. 'சாப்பிட்டுட்டுப் பார்.' 'மாமியாரோட பார்க்காதே.'

கரப்பான்பூச்சிக்கே அலறும் ரீனா-திக்குக் கொரியப் பேய்ப்படம். இந்தியைத் தவிர வேறு எதுவும் தெரியாத கேட் செக்யூரிட்டி திவாரிக்கு, நூறு வருடத்துக்கு முந்தைய ஊமைப்படம். திவாரி அதை மொபைலில் பார்த்துச் சிரித்துக்கொண்டே மேனேஜர் காருக்குக் கேட் திறக்க மறந்துபோனான்.

எனக்கு எல்லாம் கலந்து வரும். எழுபதுகளின் மலையாளம், ஒரு இரானியப் படம், குதிரையும் துப்பாக்கியுமாக ஒன்று, போன வருடத்து மராத்தி... எதை நினைத்துத் தருகிறார் என்று யாருக்கும் பிடிபடாது.

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை.

படம் போட்டால் பத்தாவது நிமிடம் தூங்கிவிடுகிற ஜென்மம் நான். திங்கட்கிழமை டாலிகஞ்ச் ஆட்டோவில் உட்கார்ந்து அவசர அவசரமாக விமர்சனம் படிப்பேன். அதை வைத்து ஒப்பேற்றுவேன்.

அவரோ ஒரே ஒரு கேள்வி கேட்பார். "அந்த வீட்டு நாய்க்கு என்ன ஆச்சு, பார்த்தியா?"

எந்த விமர்சனத்திலும் நாய் இருக்காது. "அதான் சார்... மனசே கேக்கல" என்பேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. "சரி சரி" என்று ஃபைலைத் திறந்துகொள்வார்.

ரிட்டயர் ஆன பிறகு காலண்டர் தாள் வாட்ஸ்அப் ஆனது. என் பொய்யும் கூடவே வாட்ஸ்அப்புக்கு வந்தது.

போன வெள்ளிக்கிழமைக்கு முந்தைய வெள்ளி, ஐம்பதுகளின் பெங்காலிப் படம் ஒன்றுக்கு லிங்க் அனுப்பினார். உத்தரவு: 'ஆபீஸ்ல பார்க்காதே.'

இதற்கு எங்கேயும் ஒரு வரி விமர்சனம்கூடக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு போஸ்டர். அதில் கதாநாயகி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதும்.

செவ்வாய்க்கிழமை டைப் செய்தேன். 'பார்த்துட்டேன் சார். கண் கலங்கிடுச்சு.'

உடனே பதில் வந்தது. 'அப்படியா! எந்த இடத்துல?'

என்ன சொல்ல... மீட்டிங் என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். புதனும் போனது. வியாழக்கிழமை அவர் இல்லை.

இன்று காலை மாமியின் ஃபோன். அவர் மனைவி. இத்தனை வருடத்தில் என்னிடம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியிருப்பாரா, தெரியாது.

"அவர் சொன்ன படத்தையெல்லாம் நீ ஒருத்தன்தான் விடாமப் பார்ப்பியாமே? வாய் ஓயாமச் சொல்லிண்டிருப்பார்."

நான் "ம்ம்" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை உன் மெசேஜைப் பார்த்துட்டு அப்படிச் சிரிச்சார்ப்பா. கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுண்டு சிரிச்சார். என்னன்னு கேட்டா, 'படத்தைப் பார்த்தாத்தான் புரியும்'னுட்டார். அவர் கடைசியா அப்படிச் சிரிச்சது அன்னிக்குத்தான்... நாளைக்கு நீ வரச்சே எனக்குச் சொல்லணும்."

ஃபோனை வைத்த பிறகு என் மெசேஜை ஏழெட்டு முறை படித்தேன். கண் கலங்கியது என்றதற்கு ஏன் சிரித்தார்? அப்படி என்ன தப்பாக எழுதிவிட்டேன்?

கதவைச் சாத்திக்கொண்டு படத்தைப் போட்டேன்.

காமெடி. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை காமெடி.

ஒரு பிள்ளை வீட்டார் கூட்டம் வழி தவறி வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிடுகிறது. வந்தவர்களுக்குச் சமைக்க அந்த வீட்டுப் பெண் ஒரு மூட்டை வெங்காயம் உரிக்கிறாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். பிள்ளையின் அப்பா, இவள்தான் கல்யாணப் பெண், பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்துத் தானும் அழ, பின்னாலேயே மொத்தக் கூட்டமும் அழுகிறது.

போஸ்டர் அந்தக் காட்சிதான்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மனைவி கதவைத் திறந்து பார்த்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேனா, அழுதுகொண்டிருந்தேனா, எனக்கே தெரியவில்லை. "என்னங்க ஆச்சு?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். படம் முடிகிற வரை நான் தூங்கவில்லை. முதல் தடவையாக.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நாய்க் கேள்வி கேட்ட காலத்திலிருந்தே தெரியுமோ என்னவோ... மாமியிடம்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை மனுஷன்.

நாளை காலை பத்து மணிக்கு டாக்குரியா போகவேண்டும். சொன்னால் இத்தனை வருடப் பொய்யும் வெளியே வரும். சொல்லாவிட்டால் அவர் எதற்குச் சிரித்தார் என்று மாமிக்குக் கடைசி வரை தெரியாமல் போய்விடும்.

சொல்லிவிடுகிறேன். மாமி ஃபேஸ்புக்கில் இல்லை. ஆபீஸ் நண்பர்கள் யாரும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்.

போய்ட்டு வாங்க சார். படத்தைப் பார்த்துட்டேன்.

வெங்காயம் உரிக்கிற இடத்துல.