பெரட்டு மணியும் பள்ளிக்கூட மணியும்

மலாயாவில், சிகாமட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கருப்பாயி பால்மரம் வெட்டினாள்; பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. 1931-இல் அவளுக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, ஒன்பது வயது மகள் ராஜம்மா மட்டும்தான். விடியுமுன் பெரட்டு மணி அடிக்கும். ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போகவேண்டும். அந்த மணிக்கே மகளையும் எழுப்பிவிடுவாள். குளிப்பாட்டி, சடை போட்டு, பழைய சோறு கொடுத்து, விளக்கடியில் சிலேட்டோடு உட்காரவைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். ஒரு நாள் தப்பாது. ஆசையாகச் செய்தாள் என்று சொன்னால் பொய். முகத்தில் ஒன்றுமே இருக்காது. மரத்தில் கோடு போடுகிற அதே கை, சடையும் போட்டது.

"புள்ளைய வளர்த்தா கருப்பாயி மாதிரி வளர்க்கணும்" என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் மெச்சினார்கள். மெச்சுவதற்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது? வகுப்பில் ராஜம்மா தூங்கி வழிந்ததை அவர்கள் யாரும் பார்க்கவில்லை.

தோட்டத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார் அமலதாஸ் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ராஜம்மா தெனமும் தூங்குதும்மா. தோட்டத்துக் கணக்குப் பாக்குற கிராணி பார்த்துட்டாரு. பள்ளிக்கூடத்துலேருந்து பேரை எடுத்துட்டு, அடுத்த மாசம் புல்லு வெட்ட அனுப்பச் சொல்றாரு. இனிமே தூங்காம இருந்தா நான் பேசிப் பாக்குறேன். ஏன் இவ்வளவு வெள்ளன எழுப்புறீங்க? பள்ளிக்கூடத்துல மொத மணி அடிக்கிறப்ப எந்திரிச்சாப் போதுமே."

"தூங்க விட்டுட்டுப் போகமாட்டேங்கய்யா."

"ஏம்மா?"

நேற்றுவைத்த குழம்பைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாள். மூத்தவன் காளியப்பன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் உடம்பு லேசாகச் சுட்டது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போனாள். மத்தியானம் சேர்த்த பாலைக் கொட்டகையில் ஊற்றிவிட்டு வந்தபோது பாய் விரித்தபடியே இருந்தது. பிள்ளை அதன்மேல் விறைத்துக் கிடந்தான். அன்றைக்கும் அவள் அழவில்லை, அதற்குப் பிறகும் இல்லை.

வாத்தியார், "நாளைக்கு ஒரு நாள் விட்டுப் பாருங்க. மணிய நானே பலமா அடிக்கிறேன்" என்றார்.

கருப்பாயி மகளைக் கூப்பிட்டாள். "மொத மணிக்கு எந்திரி. சோறு மூடி வெச்சிருப்பேன், தின்னுட்டுப் போ. பாயச் சுருட்டி வெச்சிட்டுத்தான் போகணும்."

"சரிம்மா."

அன்று விளக்கு வைத்ததுமே ராஜம்மாவைப் படுக்கவைத்தாள். மறுநாள் பெரட்டு மணி அடித்ததும் மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. மறுபடியும் தொட்டாள். பிறகு எழுப்பாமலே போனாள்.

அன்றைக்கு மூன்று மரத்தில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. வேலையை மேற்பார்க்கிற தண்டல் ஏசினான்; காதில் விழவில்லை. பள்ளிக்கூட மணி அவள் வெட்டுகிற இடத்துக்குக் கேட்காது. பால் ஊற்றியதும் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். கால் வீட்டுக்குத்தான் போயிற்று. கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள்.

பாய் சுருட்டிச் சுவரோரம் சாய்த்திருந்தது. சுருட்டின லட்சணம், ஒரு முனை முழநீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சோற்றுக் கும்பாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். கருப்பாயி பாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு வருஷம் கழித்து, காளியப்பனுக்காக அழுதாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ராஜம்மா பயந்துபோய் வாசலிலேயே நின்றாள்.

"நான் இன்னிக்குத் தூங்கவே இல்லம்மா. எதுக்கு அழுவுற?"