பாபநாசம் கேட்டில் வந்த போன்

இன்று தஞ்சாவூர் பஸ்ஸில் என் பக்கத்தில் என் கணவரின் அக்கா உட்கார்ந்திருந்தார்.

பாபநாசம் ரயில்வே கேட்டில் டிரைவர் இன்ஜினை அணைத்த நேரம் பார்த்து போன் அடித்தது. இரண்டு முறை கட் செய்தேன். மறுபடியும் அடித்தது.

"யாரோ அவசரமா கூப்பிடறாங்க, எடுத்துப் பேசேன்" என்றார் அக்கா.

எடுத்தேன்.

"மேடம், இந்த மாசம் கார்டு பணம் கட்டலையே. வீட்டுக்கு ஆள் அனுப்பட்டுமா?"

பஸ்ஸே அமைதியாக இருந்ததால் அந்தக் குரல் வெளியே கேட்டது.

கணவரின் ஆபரேஷனுக்குக் கார்டில் தேய்த்த பணம். ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறோம். அவர் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

"கொள்முதல் நிலையத்துல நெல்லு போட்ட பணம் வந்ததும் கட்டிடறேன் சார்" என்றேன்.

அக்கா போனை வாங்கினார்.

"தம்பி, போன மாசம் வரைக்கும் கட்டியிருக்கால்ல? வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க. வீட்டுக்கெல்லாம் வர வேணாம்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன கேட்கப் போகிறாரோ என்று நினைத்தபடி போனை சைலண்டில் போட்டேன்.

கேட் திறந்து பஸ் கிளம்பியதும் மெதுவாகச் சொன்னார்.

"எங்கிட்டயும் ஒரு கார்டு இருக்கு. உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத."

அண்ணன், அதாவது அக்காவின் கணவர், முகநூலில் இல்லை; என் கணவர் வீட்டிலும் யாரும் இல்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். உங்கள் கார்டு கடன் உங்கள் வீட்டில் யாருக்குத் தெரியாது?