காற்றில் கை கழுவும் வகுப்பு

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏற்காடு பஜாரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் கோச்சிங் சென்டருக்குப் போயிருந்தேன். படி ஏறும்போதே கோரஸாகச் சத்தம் கேட்டது. "உள்ளங்கை... புறங்கை... விரலிடுக்கு... கட்டைவிரல்..."

உள்ளே பெண்கள் வரிசையாக நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். குளிருக்காக இல்லை. கை கழுவுகிறார்களாம்.

தண்ணீர்? இல்லை. சோப்பு? இல்லை. குழாய்? இருந்தது – சுவரில் ஒட்டிய படமாக.

நர்சிங் உதவியாளர் சான்றிதழ்த் தேர்வுக்கு இப்படித்தான் தயார் செய்கிறார்கள். நான் நர்சிங் படித்தவள். இதே மலையில் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை. எங்கே போனாலும் மனசுக்குள் பட்டியல் போடுவது என் பழக்கம். அன்றைய பட்டியல் இது. இருந்தவை: ப்ரொஜெக்டர், ஏ.சி. (ஏற்காட்டில்!), சென்டர் நடத்தும் சாரின் ஆளுயர போட்டோ, நோயாளியாகப் படுத்திருந்த ஜவுளிக்கடை பொம்மை. இல்லாதவை: நர்சிங் தெரிந்த ஓர் ஆள்.

பொம்மைக்கு நாடி பார்க்கவும் பழக்குகிறார்கள். மணிக்கட்டைப் பிடித்து, வாட்ச்சைப் பார்த்து, "எழுபத்திரண்டு" என்று சொல்ல வேண்டும். யார் பிடித்தாலும் எழுபத்திரண்டுதான். அந்தப் பொம்மைக்கு உடம்புக்கு வந்ததே இல்லை.

நான் போனது ஸ்டெல்லாக்காவுக்காக. கிளியூரிலிருந்து வருகிறார், எங்கள் வார்டில் தற்காலிக உதவியாளர். என்னைவிட மூத்தவர். சான்றிதழ் இருந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வரவேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. "அப்பறம் திருப்பூரு பனியன் கம்பெனிதானுங்க சிஸ்டர். புள்ளைய எங்கம்மாகிட்ட உட்டுப்போட்டுப் போவோணும்" என்றார். புள்ளை இங்கே மலையில் நாலாம் வகுப்பு படிக்கிறாள்.

சாரிடம் போய் நின்றேன். அவருக்கு இது மட்டும் தொழில் இல்லை. காட்டேஜ் புக்கிங்கும் ஜெராக்ஸும் உண்டு.

"ஏனுங்க சார், ஒரு பக்கெட் தண்ணி வெச்சுச் சொல்லிக் குடுக்கக் கூடாதுங்களா?"

"தண்ணிக்கு மார்க் இல்லீங்க சிஸ்டர். ஸ்டெப்புக்குத்தான் மார்க். தண்ணி சிந்துனா கீழ பேக்கரிக்காரரு சண்டைக்கு வர்றாரு."

"நாளைக்கு ஆஸ்பத்திரியில என்ன பண்ணுவாங்க?"

"அது நீங்க பாத்துக்குவீங்கள்ல?"

எவ்வளவு நம்பிக்கை பாருங்கள், எங்கள் மேல்!

மைதானத்தில் அழகாக எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர்கள்தான் நம் கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் அடிக்காமல் எதிரே வருகிறார்கள். கேட்டால், "எட்டுல நான் காலே ஊனலீங்க" என்பார்கள். மார்க் எதற்குக் கிடைக்குமோ அதை மட்டும் கற்றுக்கொள்வது. மிச்சத்தை எதிரே வருகிறவன் பார்த்துக்கொள்ள வேண்டும். நோயாளி விஷயத்தில், எதிரே வருகிறவர் படுத்திருக்கிறார்.

அன்றோடு ஸ்டெல்லாக்காவை அங்கிருந்து நிறுத்தினேன். ட்யூட்டி முடிந்ததும் வார்டு குழாயடியில் எங்கள் வகுப்பு. சில நாள் கோச்சிங்கிலேயே கை பழகிவிட்டிருந்தது. குழாயின் முன் நின்று எல்லா ஸ்டெப்பையும் காற்றில் முடித்துவிட்டு, கடைசியில்தான் தண்ணீர் ஞாபகம் வரும். "கை நனையாம யாரையும் தொடக்கூடாதுக்கா" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பழக்கத்தை விட வைத்தேன்.

"தூக்கத்துலகூடக் கொழாயத் தொறக்கறனாமுங்க சிஸ்டர். ஊட்டுக்காரரு பயந்துக்கறாரு" என்றார்.

செய்முறைத் தேர்வு சேலத்தில். எனக்கு விடுமுறை நாள், கூடவே போனேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். ஸ்டெல்லாக்கா வந்தபோது முழங்கை வரை ஈரம், முகத்தில் களையே இல்லை. பின்னாலேயே ரம்யா – அந்த கோச்சிங் சென்டரில் முதல் மார்க் வாங்கும் மாணவி, குப்பனூர்ப் பெண், படு உற்சாகமாக.

"என்னக்கா ஆச்சு?"

"கொழாயத் தொறந்தனுங்க சிஸ்டர். காத்துத்தான் வந்துச்சு. மார்க் போடற மேடம், 'தண்ணி வந்ததா நெனச்சுக்கம்மா, ஸ்டெப்ப மட்டும் காட்டு'ன்னாங்க."

"நாங்கல்லாம் காட்டிட்டு வந்துட்டமுங்க" என்றாள் ரம்யா. "இந்தக்காதான் ஸ்ட்ரைக் பண்ணுச்சு."

"ஸ்ட்ரைக்கெல்லாம் இல்ல கண்ணு. கட்டில்ல படுத்திருந்தது நெசமான ஆளு. பஸ் கம்பியப் புடிச்ச கையோட எப்புடித் தொடறது? பையில குடிக்கற தண்ணி இருந்துச்சு. நானே ஊத்திக்கிட்டா ரெண்டு கையும் தேய்க்க முடியுமா? பாட்டில மேடத்துகிட்ட நீட்டி, 'கொஞ்சம் ஊத்துங்க மேடம்'னனுங்க."

"ஊத்துனாங்களா?"

"மொறச்சாங்க. அப்பறம் ஊத்துனாங்க."

"மேடம் பட்டுச்சேலை பாதி நனஞ்சுபோச்சுங்க சிஸ்டர்" என்று ரம்யா சிரித்தாள். "உனக்கு மார்க்குக்குப் பதிலா இஸ்திரிச் செலவுதான் போடுவாங்க, பாருக்கா."

ஸ்டெல்லாக்கா சிரிக்கவில்லை. "பி.பி. பாக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சுருச்சு. அந்த மார்க் பூராப் போச்சு. நான் பெயிலுதானுங்க."

மலையேறும் பஸ்ஸில் மூவரும் ஒன்றாகத்தான் ஏறினோம். ரம்யா பேசிக்கொண்டே வந்தாள்.

ஒழுங்காகக் காற்றில் தேய்த்திருந்தால் ஸ்டெல்லாக்கா சுலபமாக பாஸ். நான் தலையிட்டதால் திருப்பூரா? அது ஒரு பக்கம் அரித்தது. இன்னொரு பக்கம் கோபம். கை கழுவத் தெரியுமா என்று பார்ப்பதற்கு ஒரு தேர்வு. அதற்கு ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு மேற்பார்வையாளர், டீ, பிஸ்கட். தண்ணீர் மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டும்! நோயாளியின் இன்ஃபெக்ஷனையும் அப்படியே இல்லையென்று நினைத்துக்கொள்ளலாமா, மேடம்?

ரிசல்ட் வந்தது. ரம்யா அந்தத் தேர்வு மையத்திலேயே முதல். ஸ்டெல்லாக்கா... பாஸ். கூரை ஓட்டின் மேல் உட்கார்ந்த காக்கா மாதிரி, பாஸ் மார்க்கின் ஓரத்தில். ஆனால் பாஸ். போனில் அழுகைச் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு, "திருப்பூரு இல்லீங்க சிஸ்டர்" என்றார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். நடுவில் சாரின் படம் – கையைக் கட்டிக்கொண்டு, பின்னால் ஒளிவட்டத்தோடு. அவர் தோளுக்குக் கீழே ரம்யா. முழங்கைக்குக் கீழே, ரேஷன் கார்டிலிருந்து எடுத்த மாதிரி ஒரு படத்தில், ஸ்டெல்லாக்கா! 'எங்கள் மாணவி' என்று. கேட்டதற்கு, "ஃபீஸ் கட்டுன ஸ்டூடண்ட்தானுங்களே" என்றார் சார். மறுக்க முடியவில்லை. அங்கே உண்மையாக நடக்கிற ஒரே செய்முறை ஃபீஸ் கட்டுவதுதான்.

ஸ்டெல்லாக்கா நிரந்தரம் ஆகிவிட்டார். எங்கள் வார்டுக்கு இன்னொரு உதவியாளரும் எடுத்தார்கள். யாரை? மார்க் பார்த்துத்தானே எடுப்பார்கள். ரம்யாவை.

திங்கட்கிழமை காலை அவளுக்கு முதல் நாள். வேலை சொல்லிக்கொடுக்க ஸ்டெல்லாக்காவைப் போட்டிருந்தேன். நோயாளியைத் தொடுவதற்கு முன் ரம்யா குழாயடிக்குப் போனாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகம், மணிக்கட்டு – ஒரு ஸ்டெப் விடவில்லை. யாராக இருந்தாலும் முழு மார்க் போட்டிருப்பார்கள்.

ஸ்டெல்லாக்கா கதவில் சாய்ந்து கடைசி வரை பொறுமையாகப் பார்த்தார்.

"நொம்ப அழகாத் தேய்க்கற சாமி. இப்பக் கொழாயத் தொற."