புகைபோக்கி ஓய்ந்த காலை

அரியலூர் பக்கம் எங்கள் ஊரில் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி ஓய்ந்தால், யாரோ அதிகாரி வருகிறார் என்று அர்த்தம். பெண்கள் அன்று நிம்மதியாக மிளகாய் காயப்போடுவார்கள்.

தூசி படிந்து பருத்தி காய் பிடிக்கவில்லை என்று நானும் பக்கத்து வயல்காரரும் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தோம். விசாரணை எந்த நாள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு காலையில் புகை நின்றது. ஆலையின் தண்ணீர் லாரி வந்து சாலையோரம் இருந்த எங்கள் செடிகளைக் கழுவிவிட்டுப் போனது. மறுநாள் அதிகாரி வந்து இலையைத் தடவினார்.

"தூசியே இல்லையே?"

"நீங்க வர்றது ஆலைக்கு நேத்தே தெரியும் சார். எங்களுக்குத்தான் தெரியல" என்றார் பக்கத்து வயல்காரர்.

அதிகாரி சிரித்தபடி ஜீப்பில் ஏறினார். ஆலை லாபத்துக்காகப் புகை விடுகிறது, அது புரிகிறது. அதிகாரி வருவதை ஆலைக்குச் சொன்னது யார் என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

"இனிமே மனுவ நேரா ஆலையிலயே குடுத்துடலாம் மாமா. எப்படியும் அங்கதானே போவுது" என்றார் பக்கத்து வயல்காரர் என்னிடம்.